இரண்டு கைக் கதவு

தெருவில் அவளுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குகிறாள் என்று மூலைக் கடைக்காரர் வைத்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மேனேஜர் என்றால் தள்ளுபடி உண்டா என்று அவரிடமே கேட்டு, வாங்கிக்கொண்டும் வந்தாள்.

இருபது வயதுக்கு முன்பே ஒரு லாரி அவள் முதுகெலும்பை நொறுக்கிவிட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவது அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் எழுதப்போவதில்லை.

பள்ளிக்கூடப் பைகள் தைப்பது அவள் தொழில். முழங்கையால் அழுத்துகிற சுவிட்ச் ஒன்றை மெஷினில் பொருத்தி வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தைப்பாள். துணிக் கட்டுகளைக் கொண்டுவந்து போடும் வேன் டிரைவர் கட்டு இல்லாத நாளிலும் வர ஆரம்பித்தார். கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். மாமியாருக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், பேசாமல் ஊருக்குப் போனார்.

அந்த டிரைவர் அதிகம் பேசாத ஆள். கல்யாணமான கையோடு வீட்டைப் பிரித்து மேய்ந்துவிட்டார். சமையல் மேடையை இடித்து, அவள் மடி உயரத்துக்கு இறக்கிக் கட்டினார். அடியில் அவள் கால்கள் நுழைவதற்கு இடம் விட்டார். சுவரில் மாட்டியிருந்த அலமாரிகளை எல்லாம் கழற்றி, எதிர்ச் சுவரை ஒட்டித் தரையோடு ஒரே நீள அலமாரியாகச் செய்து போட்டார். உப்பிலிருந்து பினாயில் வரைக்கும் அதில்தான். முதல் தடவை அந்தச் சமையலறையில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு எனக்கு முதுகு விட்டுப்போனது. எதை எடுத்தாலும் குனிய வேண்டும். அவள் என்னைப் பார்த்து, “இப்பத் தெரியுதா, உங்க வீடெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு?” என்றாள்.

நான் அங்கே போனது அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது. பிரசவித்தவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ள நான் பயிற்சி எடுத்தவள். என்னை ஏற்பாடு செய்தவர் மாமியார். மருமகளால் பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட முடியாது என்று அவர் முடிவே செய்திருந்தார். மருமகள் பிள்ளையைத் துணியால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். மடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுக் குளிப்பாட்டினாள். பையன் கொழுகொழுவென்று வளர்ந்தான். என் வேலை முடிந்த பிறகும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன்.

சிக்கல் அவன் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்ததும் வந்தது. நிற்கப் பழகும் பிள்ளையின் கையும் நாற்காலியில் இருப்பவளின் கையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் வேலை செய்கின்றன. எங்கள் பயிற்சியில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதலில் சொல்லச் சொல்வது, ஆபத்தானதை எல்லாம் மேலே வை என்பதுதான். இந்த வீட்டில் மேலே வைத்தால் பிள்ளைக்கும் எட்டாது, பெற்றவளுக்கும் எட்டாது.

மாமியார் ஊரிலிருந்து வந்தார். பேரன் அலமாரிக் கதவைத் திறந்து, தீப்பெட்டியை வாயில் வைத்துச் சப்புவதைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கத்தி, தீப்பெட்டி, பினாயில், மருந்து, மெஷின் எண்ணெய் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நாலு பிள்ளைகளை வளர்த்தவர். தன் வீட்டில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பையனுக்குக் காய்ச்சல். டிரைவர் வெளியூர் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மருந்து பரணில் இருந்தது. மேனேஜர் முதலில் பையனைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு துணி உலர்த்தும் கோலை எடுத்துப் பரணைத் துழாவினாள். மருந்துப் பாட்டில் வந்தது. வந்த வேகத்தில் தரையில் விழுந்து சிதறியது. எனக்குப் போன் செய்தாள். “காய்ச்சல் மருந்தைத் தரை குடிச்சிருச்சு அக்கா. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

நான் போனபோது கண்ணாடித் துண்டுகளை நாற்காலியில் இருந்தபடியே கூட்டி முடித்திருந்தாள். மருந்து உள்ளே போய்ப் பையன் தூங்கியதும் என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டாள். பரணில் இருந்ததை ஒன்று விடாமல் கீழே இறக்கச் சொன்னாள். குழந்தை நடமாடும் வீட்டில் இதையெல்லாம் கீழே வைப்பதா என்று கேட்டேன்.

“எனக்கு எட்டாத இடத்துல இருக்குற மருந்தும் கடையில இருக்குற மருந்தும் ஒண்ணுதான் அக்கா,” என்றாள். “எல்லாம் கீழேதான் இருக்கும். அவன் திறக்காத மாதிரி பண்ண வேண்டியது என் வேலை.”

இந்த விஷயம் மாமியாரின் காதுக்குப் போனது. அவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். அவசரத்துக்கு ஒரு மருந்தை எடுக்க முடியாதவள் நடக்கிற பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவாள் என்று மகனைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை பேரன் தன்னிடம் வளரட்டும் என்பதுதான் அவர் பேச்சு. அவர் ஊர் பஸ்ஸில் அரை நாள் தூரம். டிரைவர் அம்மாவிடம் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கடைசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்: அடுத்த தடவை அம்மா வரும்போது பையனால் அந்த அலமாரியைத் திறக்க முடிந்தால், அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

பெண்டாட்டியிடம் கேட்காமல் கொடுத்த வாக்கு. அவள் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் பேசிய முதல் பேச்சு, தச்சரைக் கூப்பிடுங்கள் என்பதுதான்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள். கதவின் மேல் விளிம்பு வழியாக விரலை விட்டு அமுக்க வேண்டிய கொக்கிகள் அவை. நின்றுகொண்டு அமுக்குபவர்களுக்குச் சுலபம். நாற்காலியிலிருந்து அவளுக்கு விரல் மடங்கவில்லை. பையனோ மூன்றாம் நாளே கதவைப் பிடித்து உலுக்கி ஒரு கொக்கியைப் பெயர்த்துவிட்டான். பெயர்த்ததை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கைதட்டினானாம்.

தச்சர் வந்தார். அலமாரிக்கு முன்னால் இன்னொரு கதவு போட்டுப் பூட்டிவிடலாம் என்றார். நான் அப்போது பையனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையும் எரியும் அடுப்புமாக இருக்கும்போது சாவியை எங்கே தேடுவது என்று மேனேஜர் கேட்டாள். கழுத்தில் மாட்டிக்கொள் என்றார் தச்சர். பிள்ளை பிடித்து இழுப்பதற்கா என்றாள் இவள். வெளிப்பக்கம் திறக்கிற கதவு அவள் கால்பலகையில் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும். இதைச் சொன்னபோது தச்சருக்குப் புரியவில்லை. அவள் கட்டிலுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“நீங்களே உட்காருங்க அண்ணா. உட்கார்ந்து ஒரு டம்ளர் எடுத்துட்டு வாங்க பார்ப்போம்.”

அவர் உட்கார்ந்தார். சமையலறை வாசல் நிலையில் ஒரு இடி, அலமாரியில் இரண்டு இடி. டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “சரிம்மா, சொல்லு. எப்படி வேணும்?”

அவள் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். இதுதான் அளவு என்றாள். அலமாரியின் முகத்தை முழுக்க மூடுகிற ஒரே பலகை. அது வெளியே திறக்கக் கூடாது. பக்கவாட்டில் நகர வேண்டும். இரண்டு கோடியிலும் ஸ்பிரிங் வைத்த குமிழ், ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் சட்டத்துக்குள் போய் மாட்டும் ஒரு முளை. இரண்டு குமிழையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் முளைகள் விடுபட்டுப் பலகை நகரும். ஒன்றை இழுத்துவிட்டு ஓடிப்போய் இன்னொன்றை இழுத்தால், முதல் முளை மறுபடியும் போய் மாட்டிக்கொள்ளும். அவள் கை எட்டும். பையனின் கைகளோ பலகையில் பாதிகூடப் போகாது. ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும் என்றாள். நாள் முழுக்கச் சக்கரம் தள்ளும் தோள் அது.

கதவு வந்தது. வழுவழுவென்று தேய்த்த பலகை, மரக் குமிழ்கள். தச்சர் கூலி வாங்கும்போது தன் வீட்டுக்காரியும் இதைக் கேட்கிறாள் என்றார், என்னவோ அவரே யோசித்துச் செய்ததுபோல. பையன் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தான், நக்கினான், கடித்தான், கரண்டியால் அடித்தான். பிறகு கதவின் முன்னால் படுத்து அழுதான். அம்மாக்காரி காய் நறுக்கிக்கொண்டே, “அழு. அழுதா நுரையீரலுக்கு நல்லது,” என்றாள்.

மாமியார் வரும் நாள் வந்தது. நான் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள். மாமியாருக்கு நான் அவர் வைத்த ஆள். மருமகளுக்கு நான் பரணில் இருந்ததை இறக்கிக் கொடுத்தவள். மாமியாரோடு நாத்தனாரும் வந்திருந்தாள், அவளுடைய ஐந்து வயது மகளும். அந்தப் பெண்ணுக்கு வாய் ஓயாது. வந்ததும் வராததுமாக நாற்காலியின் சக்கரத்தில் எத்தனை கம்பி என்று எண்ணினாள். அத்தை ஏன் எப்பவும் உட்கார்ந்தே இருக்கிறாள் என்று கேட்டாள். பதில் வருவதற்குள் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றாள்.

மாமியார் பேரனைக் கதவின் முன்னால் விட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவன் தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் காட்டினான். ஒரு குமிழ், இன்னொரு குமிழ், கரண்டி, கடைசியில் அழுகை. கதவு அசையவில்லை. மேனேஜர் போய் இரண்டு கையையும் விரித்து ஒரு இழுப்பில் திறந்து, தேயிலை டப்பாவை எடுத்துக்கொண்டு மூடினாள். சிறைச்சாலை மாதிரி இருக்கிறது என்று மாமியார் மகளிடம் மட்டும் சொன்னார். டிரைவருக்கு உயிர் வந்தது.

கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இருவரும் சமையலறையில். உள்ளேயிருந்து பெரியவளின் குரல் கேட்டது: “நீ அதைப் புடிச்சு இழு. நான் இதைப் புடிச்சு இழுக்கறேன்.”

அது என்ன என்று எங்களுக்கு உறைக்கவில்லை. பலகை நகரும் சத்தம் கேட்டதும் மேனேஜரின் கையிலிருந்த டம்ளர் கீழே போனது. நாங்கள் எழுந்து நிற்பதற்குள் அவள் உள்ளே இருந்தாள். நான் போய்ப் பார்க்கும்போது பையனின் கையிலிருந்த பினாயில் பாட்டில் அவள் மடிக்கு வந்துவிட்டது. பெரியவளின் கையில் தீப்பெட்டி.

நான் இரண்டு பிள்ளைகளின் வாயையும் திறந்து முகர்ந்து பார்த்தேன். கை, உதடு, சட்டை எல்லாம் பார்த்தேன். பாட்டில் மூடி திறக்கவில்லை, முத்திரைகூடக் கிழியவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. படுக்கையறைக்குப் போய், ஒரு பையை எடுத்துப் பேரனின் சட்டைகளை அள்ளித் திணிக்க ஆரம்பித்தார். வாக்கு வாக்குதான், கதவு திறந்துவிட்டது என்றார். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் பையனை என்னிடம் கொடுத்தாள். தெருக்கதவுப் பக்கம் உருட்டிக்கொண்டு போய், நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பிரேக்கைப் போட்டாள். அந்த வாசலில் நாற்காலி நின்றால் பூனைகூட வெளியே போக முடியாது.

“தள்ளு,” என்றார் மாமியார், பையைத் தோளில் மாட்டியபடி.

“மாட்டேன் அத்தை.”

“கதவு திறந்துச்சா இல்லையா?”

“திறந்துச்சு. ரெண்டு பிள்ளைங்க சேர்ந்து திறந்தாங்க. நான் ஒரு பிள்ளைக்குத்தான் கதவு போட்டேன், நம்ம வீட்டுல இருக்குறது ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடாதது என் தப்பு. போட்டுக்கறேன். அதுக்காகப் பிள்ளையத் தர மாட்டேன்.”

“வாக்குக் குடுத்தான் என் மகன்.”

“அவர் குடுத்தார். பெத்தவ நான் குடுக்கல.” பிறகு அவள் கேட்டாள், குரலை உயர்த்தாமலே: “உங்க வீட்டுல பினாயில எங்க வெச்சிருக்கீங்க?”

மேலே, வேறு எங்கே என்றார் மாமியார். பெரியவள் நடுவில் புகுந்தாள். “பாட்டி, அந்தப் பிஸ்கட் டப்பா பக்கத்துலயா? அங்க நான் ஸ்டூல் போட்டு ஏறுவேனே.”

நாத்தனார் மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மாமியார் அசரவில்லை. இவள் வளர்ந்த பிள்ளை, இவள் பேச்சு எதற்கு என்று சொல்லிவிட்டு, மகனைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். டிரைவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “நான் அந்த நாற்காலியைத் தொட மாட்டேம்மா. அவ சொல்லாம யாரும் தொடக் கூடாது.” சொல்லிவிட்டுக் காலில் செருப்பை மாட்டினார். தச்சரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அதற்கும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போனார்.

பிறகு யாரும் நகரவில்லை. மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். மேனேஜர் வாசலில். நாத்தனார் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துவைத்துக்கொண்டாள். நான் பையனை வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் நின்றேன். அவனுக்குப் பசி நேரம். சிணுங்கினான், பிறகு கத்தினான். அவனுடைய சாப்பாடு, கிண்ணம், கரண்டி எல்லாம் அந்த அலமாரிக்குள். பிள்ளைகள் திறந்த கதவை மேனேஜர் மூடிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பையனை இறக்கிவிட்டு நான் போய்த் திறக்கப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து இழுத்தேன். ஸ்பிரிங் நகரவில்லை, கையை முழுக்க விரித்து வைத்து இழுக்க என் தோளில் பலம் இல்லை. நாத்தனாருக்கு அகலம் எட்டவில்லை. மாமியார் எழுந்து வந்தார். அவர் குள்ளம். ஒரு கோடியைப் பிடித்தால் மறு கோடிக்கு ஒரு முழம் பாக்கி. மகளை ஒரு பக்கம் நிறுத்தித் தான் ஒரு பக்கம் நிற்கலாம் என்று பார்த்தார். அவர்கள் சேர்ந்து இழுப்பதற்குள் ஒருவர் விட்டுவிட்டார், இன்னொருவர் விரலை நசுக்கிக்கொண்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு குமிழை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்ந்து ஒரே தடவையில் செய்தது இவர்களுக்கு வரவில்லை. நான் மறுபடியும் தூக்கிக்கொண்ட பிறகும் பையன் கத்திக்கொண்டே இருந்தான்.

வாசலில் இருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிள்ளையின் அழுகை அவளைக் கிழிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிரேக்கின் மேல் வைத்த கை எழவில்லை.

மாமியார் திரும்பி வந்து அவள் எதிரே நின்றார்.

“போய்ப் பிள்ளைக்குச் சாப்பாடு குடு.”

“பையக் கீழ வைங்க.”

“பசியில கத்துறான், பேரம் பேசறியா?”

“ஆமா, பேசறேன்.”

மாமியார் பேரனைப் பார்த்தார். அவன் என் தோளில் தலையை இடித்துக்கொண்டிருந்தான். அவர் பையைக் கீழே போட்டார்; போட்டார் என்பதைவிட எறிந்தார் என்பதுதான் சரி. “வெச்சுட்டேன். நான் அவனைத் தூக்கிட்டுப் போகல. இன்னிக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. போ.”

மேனேஜர் என்னைப் பார்த்தாள். நானும் காதால் கேட்டேன், நான் சாட்சி என்று தலையசைத்தேன். பிரேக்கை எடுத்தாள். ஒரே உருட்டில் சமையலறை, ஒரே இழுப்பில் கதவு. பையன் கிண்ணத்தைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் நிறுத்தினான்.

தச்சர் வந்தபோது அவள் ஊட்டிக்கொண்டே பேசினாள். அலமாரியின் முன்னால் தரையில் ஒரு சின்ன மிதிபலகை பதிக்க வேண்டும். அதன் அடியில் நல்ல முரட்டு ஸ்பிரிங். நாற்காலியின் சக்கரம் அதன் மேல் ஏறி அழுத்தினால்தான் குமிழ்கள் இரண்டையும் இழுக்கவே முடியும். நாற்காலியின் கனமும் தன் கனமும் சேர்ந்து அழுத்துவதை எந்தப் பிள்ளையாலும் செய்ய முடியாது என்றாள். அப்படியானால் நாங்கள் எப்படித் திறப்பது என்று நாத்தனார் கேட்டாள். என்னைக் கூப்பிடுங்கள் என்றாள் மேனேஜர்.

பலகை பதித்து முடித்ததும் மாமியாரே பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டார். பெரியவள் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். இழுத்தார்கள். மிதிபலகையின் மேல் ஏறிக் குதித்தார்கள். ஒருவர் குதிக்க ஒருவர் இழுத்தார்கள். மாமியார் அவர்களுக்கு யோசனை வேறு சொல்லிக் கொடுத்தார். இது நியாயமா என்று நான் கேட்டதற்கு, சோதனை என்றால் சோதனைதான் என்றார். கதவு அசையவில்லை.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டார். “நாளைக்கு மூணாவது ஒண்ணு வந்தா என்ன பண்ணுவே?”

“வரட்டும் அத்தை. மூணுக்கும் சேர்த்துக் கதவு போடுவேன்.”